இழை: ஏலக் கணக்கில் எண்பது பழைய டேபிள்கள். அழிக்கப் போனால் 'கேஸ்கேட்' போடச் சொல்கிறது, போடலாமா?

கெடிலக்கரை | செப்டம்பர் 2, இரவு 9.40

வணக்கம். கடலூர் முதுநகரில் மீன் மொத்த வியாபாரமும் ஐஸ் விற்பனையும் செய்கிற ஒரு நிறுவனத்தின் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு முன்னால் மூன்று பேர் பார்த்தார்கள். மூவரும் போகும்போது எதையும் துடைக்காமல் போயிருக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் 15 என்ற தரவுத்தள மென்பொருள், மொத்தம் 210 டேபிள்கள் (தரவு அட்டவணைகள்). அவற்றில் எண்பதுக்கு மேல் 'பழசு', 'பழசு2', 'புதுசு_பழசு', 'தொடாதே' என்ற வால்களோடு நிற்கின்றன. இரவு பேக்கப் இரண்டு மணி நேரம் ஓடுகிறது. ஏன் என்று முதலாளி கேட்கிறார்.

இன்று முதல் டேபிளில் கை வைத்தேன். அழிக்கிற கட்டளை இது. (உண்மைப் பெயர்கள் வேறு, இங்கே புரிவதற்காகத் தமிழில் தருகிறேன்.)

டிராப் டேபிள் ஏலம்_பழசு;

இதைச் சார்ந்து வேறு பொருள்கள் இருக்கின்றன, அழிக்க முடியாது என்று மறுத்துவிட்டது. கீழேயே ஒரு குறிப்பும் தருகிறது: அவற்றையும் சேர்த்து அழிக்கக் 'கேஸ்கேட்' போடு என்று. போட்டுவிடலாமா?

பாகூர் ஏரி | செப்டம்பர் 2, இரவு 10.05

போடாதீர்கள். தென்னையை வெட்டப் போகிறவரிடம் "சாய்கிற பக்கம் ஒரு கொட்டகை இருக்கிறது, சம்மதமா?" என்று கேட்பது போன்றது அந்தக் குறிப்பு. கொட்டகைக்குள் மாடு கட்டியிருக்கிறதா, ஆள் படுத்திருக்கிறாரா என்று அதற்குத் தெரியாது.

போஸ்ட்கிரெஸில் வெறும் டிராப் என்று எழுதினாலே 'ரெஸ்ட்ரிக்ட்' என்றுதான் பொருள். சார்ந்தவை இருந்தால் மறுக்கும். இன்று உங்களைக் காப்பாற்றியது அதுதான். அழிக்காமலே என்னென்ன கூடப் போகும் என்று பார்க்க ஒரு வழி உண்டு:

பிகின்;
டிராப் டேபிள் ஏலம்_பழசு கேஸ்கேட்;
ரோல்பேக்;

டேபிளை அழிப்பதுகூட இதில் பரிவர்த்தனைக்குள் (முழுதாக நிற்கும், அல்லது முழுதாகத் திரும்பும் ஒரு தொகுப்புக்குள்) அடங்கும். நடுவரி ஓடும்போது எவையெல்லாம் சேர்ந்து போகின்றன என்ற பட்டியல் வரும், மூன்றாவது வரி எல்லாவற்றையும் திருப்பிவிடும். நூற்றுக்கு மேல் இருந்தால் திரையில் முதல் 100 மட்டும் தெரியும், சர்வர் லாகில் நோட்டீஸ்களும் பதிவாகும்படி வைத்திருந்தால் முழுப் பட்டியல் அங்கே இருக்கும்.

ஆனால் ஒத்திகை என்றாலும் பூட்டு நிஜமான பூட்டு. ரோல்பேக் அடிக்கும்வரை அந்த டேபிளை யாரும் வாசிக்கக்கூட முடியாது. அதைவிட மோசம், யாராவது ஒருவர் நீண்ட அறிக்கை எடுத்துக்கொண்டிருந்தால் உங்கள் டிராப் அவருக்குப் பின்னால் காத்து நிற்கும், உங்களுக்குப் பின்னால் வருகிற எல்லாரும் உங்களுக்காகக் காத்து நிற்பார்கள். ஆகவே முதல் வரியாக 'லாக்_டைம்அவுட்' அளவை 2 வினாடிக்கு வையுங்கள். பூட்டுக் கிடைக்காவிட்டால் தானே விலகிக்கொள்ளும். முடிந்தால் பேக்கப்பை வேறு ஒரு கணினியில் விரித்து அங்கே ஒத்திகை பாருங்கள்.

கெடிலக்கரை | செப்டம்பர் 3, காலை 7.15

நன்றி ஐயா. வீட்டுக் கணினியில் விரித்துப் பார்த்தேன். ஏலம்_பழசு டேபிளுக்கு வந்த பட்டியல் இது:

வியூ (சேமித்து வைத்த வினவல்) தின_ஏலம்
வியூ மாத_ஏலம் (இது தின_ஏலத்தின் மேல் கட்டியது)
மெட்டீரியலைஸ்டு வியூ (விடையையும் சேர்த்துச் சேமிப்பது) படகுவாரி_சுருக்கம்
டேபிள் ரசீது மீதான ஃபாரின் கீ (வேறு டேபிளில் இருக்கிற எண்ணை மட்டும் ஏற்கும் கட்டுப்பாடு)
டேபிள் ஏலம், 'எண்' என்ற பத்தி, அதன் டீஃபால்ட் மதிப்பு (நாம் தராதபோது தானாக விழுவது)

கடைசி வரிதான் புரியவில்லை. 'ஏலம்' இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டேபிள். பழைய டேபிளை அழித்தால் புதியதில் ஏன் கை வைக்கிறது?

துறைமுகத் தெரு | செப்டம்பர் 3, காலை 8.02

அதை விடுங்கள், நான்காவது வரியைப் பாருங்கள். கேஸ்கேட் போட்டால் ரசீது டேபிளின் வரிகள் எல்லாம் அழிந்துவிடும். ஒன்பது வருட ரசீது!

வில்லியனூர் சந்தை | செப்டம்பர் 3, காலை 8.40

இல்லை நண்பரே, இரண்டு வேறு கேஸ்கேடுகளைக் குழப்பிக்கொள்கிறீர்கள். ஃபாரின் கீயை எழுதும்போது 'ஆன் டிலீட் கேஸ்கேட்' என்று போடுவது வரிகளைப் பற்றியது. தாய் வரி அழிந்தால் பிள்ளை வரியும் அழியும். டிராப் கட்டளையில் போடும் கேஸ்கேட் பொருள்களைப் பற்றியது. அது ரசீதிலிருந்து அந்த ஃபாரின் கீ என்ற கட்டுப்பாட்டை மட்டும் கழற்றும். வரிகள் அப்படியே இருக்கும். நல்ல செய்தி என்று நினைக்க வேண்டாம். கட்டுப்பாடு கழன்ற பிறகு இல்லாத ஏல எண்ணுக்கெல்லாம் ரசீது போடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

வியூக்கள் கதை வேறு. அவை முழுதாகவே போய்விடும்.

இப்போது கெடிலக்கரையின் கேள்வி. உங்களுக்கு முன்னால் இருந்தவர் புதிய டேபிளை இப்படி உருவாக்கியிருப்பார்: "பழையதைப் போலவே, டீஃபால்ட்டுகளையும் சேர்த்து". லைக், இன்க்ளூடிங் டீஃபால்ட்ஸ். பழைய டேபிளின் எண் பத்தி 'சீரியல்' வகை. அதற்கு எண் தருகிற சீக்வென்ஸ் பழைய டேபிளுக்குச் சொந்தம். நகலெடுத்தபோது "அந்தச் சீக்வென்ஸில் அடுத்த எண்ணை எடு" என்ற வாசகம் மட்டும் புதியதற்கு வந்தது, சீக்வென்ஸ் வரவில்லை. வருடக்கணக்காக உங்கள் புதிய டேபிள் பழைய வீட்டுக் கிணற்றில்தான் தண்ணீர் இறைக்கிறது. வீட்டை இடித்தால் கிணறும் மூடப்படும். அதன் பிறகு முதல் ஏலச்சீட்டைப் பதியும்போதே எண் காலி என்று பிழை வரும்.

மருந்து ஒரே வரி:

ஆல்டர் சீக்வென்ஸ் ஏலம்_பழசு_எண்_சீக் ஓன்டு பை ஏலம்.எண்;

சொந்தக்காரரை மாற்றிவிட்டு மறுபடி ஒத்திகை பாருங்கள், கடைசி வரி மறைந்திருக்கும். இரண்டு டேபிளுக்கும் உரிமையாளர் ஒருவராகவும் ஸ்கீமா (டேபிள்களைப் பிரித்து வைக்கும் அறை) ஒன்றாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுக்கும்.

மணக்குள வீதி | செப்டம்பர் 3, பகல் 1.20

ஆரக்கிள் தரவுத்தளத்தில் இந்தத் தலைவலி எல்லாம் இல்லை. 10ஜி பதிப்பிலிருந்தே டிராப் செய்த டேபிள் ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். ஃபிளாஷ்பேக் டேபிள் என்று ஒரு வரி எழுதினால் திரும்பி வரும். வியூக்களும் அழியாது, செல்லாதவை என்று குறிக்கப்பட்டுக் காத்திருக்கும். டேபிள் திரும்பினால் அவையும் எழுந்துகொள்ளும்.

வில்லியனூர் சந்தை | செப்டம்பர் 3, பகல் 1.55

திரும்பி வரும், ஆனால் எப்படி வரும் என்பதையும் சொல்லுங்கள். தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ்களுக்கு அந்தத் தொட்டி வைத்த கோணல் பெயர்தான் நிற்கும், ஃபாரின் கீ திரும்பாது. 'பர்ஜ்' என்று சேர்த்து எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்குத் தொட்டியே கிடையாது. என் முன்னாள் அலுவலகத்தில் இடம் போதவில்லை என்று எல்லாக் கட்டளையிலும் அதைச் சேர்த்து எழுதச் சொல்லியிருந்தார்கள்.

இன்னொன்று, மை எஸ்க்யூஎல் தரவுத்தளம் வைத்திருப்பவர்கள் மேலே பாகூர் ஏரி சொன்ன ஒத்திகையைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். அங்கே டிராப் டேபிள் ஓடியதுமே தானாகக் கமிட் ஆகிவிடும், ரோல்பேக் எதையும் திருப்பாது. அங்கேயும் கேஸ்கேட் என்ற சொல்லை ஏற்றுக்கொள்ளும், ஆனால் அதனால் ஒரு விளைவும் இல்லை. வியூக்கள் உடைந்தபடியே கிடக்கும், யாராவது திறக்கும்போதுதான் தெரியும்.

ஐஸ்பெட்டி | செப்டம்பர் 3, இரவு 11.30

கெடிலக்கரை, உங்கள் தொழிலும் மீன் என்பதால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நானும் கடலூர்க்காரன்தான். விசைப்படகு மீனை மட்டும் எடுக்கிற ஒரு ஏலக் கடைக்கு மென்பொருள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கடையில் ஈ ஆடாது. துப்புரவுக்கு இதைவிட நல்ல சமயம் ஏது என்று மே மாதம் உட்கார்ந்தேன். பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ் என்ற வியூவில் ஒவ்வொரு டேபிளும் எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்ற எண்ணிக்கை இருக்கும். முதல் தேதி ஒருமுறை குறித்தேன், முப்பது நாள் கழித்து மறுபடி குறித்தேன். 'கமிஷன்_விகிதம்' என்ற டேபிளில் முப்பது வாசிப்புகள் கூடியிருந்தன. என்னடா என்று பார்த்தால், இரவு பேக்கப் எடுக்கும் பிஜி_டம்ப் ஒவ்வொரு டேபிளையும் முழுதாக ஒருமுறை வாசிக்கிறது, அதுவும் கணக்கில் ஏறும். முப்பது நாளுக்கு முப்பது. ஆக வேறு யாரும் தொடவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கே என்மேல் பெருமை. டிராப் டேபிள், கேஸ்கேட் இல்லாமல்தான் போட்டேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் போனது.

ஜூன் 15 படகுகள் கிளம்பின. மறுநாள் விடியலில் முதல் ஏலம். வஞ்சிரம் எவ்வளவு, சங்கரா எவ்வளவு என்று கமிஷன் போடுகிற ஃபங்ஷன் (தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதி வைத்த நிரல்) "அப்படி ஒரு டேபிள் இல்லை" என்று நின்றுவிட்டது. ஐம்பது பேர் கூடைகளோடு நிற்கிறார்கள். பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கையால் கணக்குப் போட்டார்கள். விகிதங்களைப் பேக்கப்பிலிருந்து மீட்டுக் கொடுக்க எனக்குப் பத்து மணி ஆனது. அந்த இரண்டு மாதமும் தூங்கிய டேபிள்தான் மீதிப் பத்து மாதமும் அந்தக் கடையை நடத்துகிறது. நான் பார்த்த சமயம் அப்படி.

கெடிலக்கரை | செப்டம்பர் 4, காலை 6.50

படிக்கவே வயிற்றைக் கலக்குகிறது. ஃபங்ஷன் அந்த டேபிளைத்தானே பயன்படுத்தியது? ஏன் டிராப் மறுக்கவில்லை?

அரியாங்குப்பம் ஆறு | செப்டம்பர் 4, காலை 9.10

தம்பி, இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

போஸ்ட்கிரெஸ் சார்புகளைப் பிஜி_டிபெண்ட் என்ற தன் சொந்தப் பதிவேட்டில் எழுதி வைக்கிறது. டிராப் வரும்போது அதைத்தான் புரட்டுகிறது. வியூவை உருவாக்கும்போதே அதன் வினவலைப் பிரித்துப் பார்த்து எந்த டேபிள், எந்தப் பத்தி என்று குறித்துக்கொள்ளும். (நீங்களே தேட விரும்பினால் ஒரு சுற்று வழி: வியூ நேரடியாக டேபிளோடு இணைந்திருக்காது. நடுவில் பிஜி_ரீரைட் என்ற பதிவேட்டில் உள்ள விதி வழியாக இணைந்திருக்கும். அதைச் சேர்க்காமல் தேடினால் வியூவே இல்லை என்று விடை வரும்.)

ஃபங்ஷன் அப்படி இல்லை. பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் மொழியில் எழுதிய உடல் அதற்கு வெறும் சரம் (எழுத்துத் தொடர்). உள்ளே என்ன டேபிள் பெயர் இருக்கிறது என்று ஓடும்போதுதான் பார்க்கும். 2021இல் வந்த 14ஆம் பதிப்பில் 'பிகின் அட்டாமிக்' என்று உடலை எழுதும் முறை வந்தது. அப்படி எழுதிய எஸ்க்யூஎல் ஃபங்ஷன்களுக்கு மட்டும் சார்பு பதிவாகும். ஒன்பது வருடப் பழைய உங்கள் தரவுத்தளத்தில் அது ஒன்றுகூட இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆகவே பிஜி_ப்ராக் பதிவேட்டில் ப்ராஎஸ்ஆர்சி பத்தியில் டேபிள் பெயரைத் தேடுங்கள். அதுவும் முழுக் காப்பு இல்லை. ஃபங்ஷனுக்குள் "ஏலம்_" என்ற சொல்லோடு வருடத்தை ஒட்டி எக்ஸிக்யூட் செய்திருந்தால் 'ஏலம்_2019' என்று தேடி என்ன பயன்? அப்புறம் மென்பொருளின் மூல நிரல், கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை), கணக்குப்பிள்ளையின் எக்செல். இந்தக் கடைசி ஆளை மறக்காதீர்கள். எல்லா அலுவலகத்திலும் ஓடிபிசி வழியாகத் தரவுத்தளத்தோடு நேராக இணைந்த ஓர் எக்செல் இருக்கும், அதைச் செய்து கொடுத்தவர் ஊரிலேயே இருக்க மாட்டார்.

வாசிப்பு எண்ணிக்கையைப் பற்றியும் ஒன்று. சர்வர் திடீரென்று விழுந்து எழுந்தால் அந்த எண்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஸ்டாண்ட்பை (நகல்) சர்வர் வைத்திருந்தால் அங்கே நடக்கும் வாசிப்பு இங்கே தெரியாது. 16ஆம் பதிப்பில் கடைசியாக எப்போது வாசிக்கப்பட்டது என்ற நேரமே பத்தியாக வந்துவிட்டது, ஆனால் ஐஸ்பெட்டி சொன்ன பேக்கப் வாசிப்பு அதையும் இரவுதோறும் புதுப்பித்துவிடும்.

கெடிலக்கரை | செப்டம்பர் 4, இரவு 8.30

அக்கா, அப்படியானால் எதை நம்பி அழிப்பது?

பாகூர் ஏரி | செப்டம்பர் 4, இரவு 9.00

அழிக்காமல் பெயரை மாற்றிவிட்டுக் காத்திருங்கள். யார் கத்துகிறார்கள் என்று தெரியும். கத்தினால் பழைய பெயரை வைக்க ஒரு நொடி போதும்.

வில்லியனூர் சந்தை | செப்டம்பர் 4, இரவு 9.25

பாதிதான் சரி. வியூக்கள் டேபிளைப் பெயரால் பிடிப்பதில்லை, உள் எண்ணால் பிடிக்கின்றன. பெயரை மாற்றினாலும் வியூ வேலை செய்துகொண்டே இருக்கும், யாரும் கத்த மாட்டார்கள். பெயர் மாற்றம் ஃபங்ஷனையும் மென்பொருளையும் எக்செலையும்தான் காட்டிக்கொடுக்கும். வியூவைப் பதிவேடு காட்டிக்கொடுக்கும். இரண்டும் வேண்டும்.

அனுமதியைப் பறித்துப் பார்க்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசராகவே இணைகிற மென்பொருளை அது தடுக்காது. நம்மூர் மென்பொருள்களில் பாதி அப்படித்தான் இணைகின்றன.

அரியாங்குப்பம் ஆறு | செப்டம்பர் 4, இரவு 10.10

நான் பெயரை மாற்றுவதில்லை. 'பரண்' என்று தனியாக ஒரு ஸ்கீமா வைத்திருக்கிறேன். ஆல்டர் டேபிள், செட் ஸ்கீமா பரண். டேபிளோடு அதன் இன்டெக்ஸ், கட்டுப்பாடு, சொந்தச் சீக்வென்ஸ் எல்லாம் சேர்ந்து ஏறும். பரண் யாருடைய தேடுபாதையிலும் (பெயரைத் தேடும் ஸ்கீமாக்களின் வரிசையிலும்) இல்லை என்பதால் பழைய பெயரால் தேடுகிறவர்களுக்குப் பிழை வரும். பெயர் மாறாததால் எது எது என்ற குழப்பமும் இல்லை. ஏற்றிய தேதியையும் காரணத்தையும் 'கமெண்ட் ஆன் டேபிள்' கட்டளையால் அதன் மேலேயே எழுதிவிடுங்கள்.

எவ்வளவு நாள் என்பது தொழிலைப் பொறுத்தது. உங்களுக்குத் தடைக்காலத்தில் ஓய்வு, மார்ச்சில் ஆண்டுக் கணக்கு முடிப்பு. இரண்டையும் தாண்டட்டும்.

துறைமுகத் தெரு | செப்டம்பர் 5, காலை 7.45

எவருமே தொடாத இன்டெக்ஸ்களையும் இதோடு எடுத்துவிடலாமா? பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன.

பாகூர் ஏரி | செப்டம்பர் 5, காலை 8.10

யூனிக் இன்டெக்ஸ் எதையும் எண்ணிக்கை பூஜ்யம் என்பதற்காக எடுக்காதீர்கள். ஒருமுறைகூட வாசிக்கப்படாமலே இரட்டைப் பதிவைத் தடுத்துக்கொண்டிருக்கும். மற்றவற்றை 'டிராப் இன்டெக்ஸ் கன்கரன்ட்லி' என்று எடுத்தால் வேலை நடக்கும்போதே எடுக்கலாம், ஆனால் பரிவர்த்தனைக்குள் வைக்க முடியாது. மேற்கொண்டு தனி இழை தொடங்குங்கள்.

கெடிலக்கரை | அக்டோபர் 19, இரவு 9.00

ஆறு வாரம் கழித்து வருகிறேன். சொல்ல நிறைய இருக்கிறது.

83 டேபிள்களைப் பரணில் ஏற்றினேன், ஒரே நாளில் அல்ல, நாளுக்கு ஐந்து ஐந்தாக. முதல் வாரமே ஒன்று இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை சம்பளப் பட்டியலுக்குக் கணக்குப்பிள்ளையின் எக்செல் அதைத்தான் தேடியது. அக்கா சொன்ன அதே எக்செல்.

ஏலம்_பழசு மேல் இருந்த மூன்று வியூக்களையும் புதிய டேபிளுக்கு மாற்றி எழுதினேன். பிஜி_கெட்_வியூடெஃப் கொண்டு வாசகங்களை எடுத்து வைத்து, உள்ளிருந்து வெளியே வரும் வரிசையில் திரும்பக் கட்டினேன். ஒன்றை மறந்துவிட்டேன். வியூவை அழித்துத் திரும்பக் கட்டினால் பழைய அனுமதிகள் திரும்புவதில்லை. காலையில் அறிக்கை எடுக்கிற பயனருக்கு 'அனுமதி இல்லை' என்று வந்தது. மெட்டீரியலைஸ்டு வியூவின் இன்டெக்ஸும் அப்படித்தான், நாமே திரும்பப் போட வேண்டும்.

விலகிப் போனவர்களின் ரோல்களையும் (தரவுத்தளப் பயனர் கணக்குகளையும்) எடுக்கப் பார்த்தேன். பொருள்கள் சார்ந்திருக்கின்றன என்று டிராப் ரோல் மறுத்தது. முதலில் ரீஅசைன் ஓன்டு (அவர் பொருள்களை வேறொருவர் பெயருக்கு மாற்றுவது), பிறகுதான் டிராப் ஓன்டு (மீதியையும் அனுமதிகளையும் துடைப்பது), கடைசியாக டிராப் ரோல். முதல் இரண்டையும் ஒவ்வொரு தரவுத்தளத்திலும் தனித்தனியாக ஓட்ட வேண்டும். வரிசையை மாற்றினால் அவர் பெயரில் இருக்கிற டேபிள்களே போய்விடும் என்பதை நல்லவேளையாக வீட்டுக் கணினியில் தெரிந்துகொண்டேன்.

பிறகு 'தானே_தவணை'. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்ததே, அப்போது படகை இழந்தவர்களின் பாக்கியைத் தள்ளி வைத்த பட்டியல். முதலில் ஏட்டில் இருந்ததாம், மென்பொருள் வந்தபோது ஏற்றியிருக்கிறார்கள். 412 வரிகள். எந்த வியூவும் ஃபங்ஷனும் தொடவில்லை. இதை எடுக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். கணினியைப் பார்க்கவே இல்லை. "அதில் இருக்கிறவர்களின் பிள்ளைகள் இன்றைக்கும் நம்மிடம்தான் மீன் போடுகிறார்கள்" என்றார்.

கோப்பாகவாவது எடுத்து வைக்கலாம் என்று பிஜி_டம்பில் அந்த ஒரு டேபிளை மட்டும் எடுத்தேன். வெற்றுத் தரவுத்தளத்தில் விரித்துப் பார்த்தால் விரியவில்லை. 'படகு_வகை' என்ற ஈனம் வகையை (குறித்த மதிப்புகளை மட்டும் ஏற்பது) அந்த டேபிள் பயன்படுத்துகிறது. டேபிளைக் குறிப்பிட்டு எடுத்தால் அது சார்ந்திருக்கும் வகைகளைப் பிஜி_டம்ப் சேர்த்து எடுப்பதில்லையாம். விரித்துப் பார்க்காமல் விட்டிருந்தால் பத்து வருடம் கழித்து யாரோ என்னைத் திட்டியிருப்பார்.

ஐஸ்பெட்டி | அக்டோபர் 19, இரவு 9.35

அதை எடுத்தீர்களா, விட்டீர்களா?

கெடிலக்கரை | அக்டோபர் 19, இரவு 9.50

பரணிலிருந்து இறக்கி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். மேலே ஒரு கமெண்ட்: "முதலாளியைக் கேட்காமல் தொடாதே". எனக்கு முன்னால் இருந்தவர் 'தொடாதே' என்று வால் வைத்த டேபிளைப் பார்த்துச் சிரித்தவன் நான்.

சார்பு எதுவும் இல்லை என்று எல்லா வழியிலும் தெரிந்த பதினொன்றை நேற்று இரவு, விரித்துச் சோதித்த பேக்கப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேஸ்கேட் இல்லாமல் டிராப் செய்தேன். ஒன்றும் மறுக்கவில்லை. மீதி 70 பரணில் இருக்கின்றன. மார்ச் கணக்கு முடிந்து, ஜூன் 15 படகு கிளம்பி, ஒரு வாரம் ஏலம் நடக்கட்டும்.

பேக்கப் நேரம் இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிடம். முதலாளி இன்னும் கேட்கிறார்.